மலைக்கு லீவு

பிழை தேடுவதுதான் என் பிழைப்பு. தைவானின் சின்ச்சூ நகரத்தில், சிலிக்கான் தகடுகளில் வெறும் கண்ணுக்குத் தெரியாத கீறல், தூசி, கறை இவற்றைக் கண்டுபிடித்து எழுதிவைக்கும் வேலை. தகடு கையில் வந்ததும் எங்கே கோளாறு என்றுதான் பார்வை ஓடும். தகடு அழகாக இருக்கிறதா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு பழைய சீன மலை ஓவியங்களை ரசிக்கக் கிளம்பியது என் முதல் தப்பு. மற்ற தப்புகளெல்லாம் அதன் பேரன் பேத்திகள்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் "தைபேயில் என்ன பார்க்கலாம்?" என்று கேட்டால், "தேசிய அரண்மனை அருங்காட்சியகம், வேறென்ன?" என்பேன். நான் போயிருக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை, போனதில்லை என்று நானும் சொல்லவில்லை. ஒருநாள் நண்பர் ஒருவர், "அங்கே அப்படி என்னதான் இருக்கு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அன்றிரவே உட்கார்ந்து படித்தேன். பெய்ஜிங் அரண்மனைப் பொக்கிஷங்களை ஜப்பானியருக்குப் பயந்து 1933இல் பெட்டிகளில் அடைத்துத் தெற்கே அனுப்பியது, உள்நாட்டுப் போரில் 1948, 49இல் அவற்றில் ஒரு பகுதி கப்பலேறித் தைவான் வந்தது, 1965இல் இப்போதைய கட்டடம் திறந்தது எல்லாம் மனப்பாடம். அந்தப் பொக்கிஷத்துக்குள் பொக்கிஷம், வட சோங் காலத்து ஃபான் குவான் கி.பி. 1000ஐ ஒட்டிப் பட்டில் மையால் வரைந்த மலை. பெயர், 'ஓடைகளுக்கும் மலைகளுக்கும் நடுவே வழிப்போக்கர்கள்'. உயரம் 206 சென்டிமீட்டர், அகலம் 103. பரீட்சைக்குப் போகிற பையன்போல அளவுகளை முணுமுணுத்துக்கொண்டே ஷிலின் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடித்தேன்.

விசாரணை மேஜையில் இருந்த பெண்ணிடம், "ஃபான் குவான் எந்த மாடி?" என்று கேட்டேன். அவர் மிகவும் மரியாதையாக, அந்த ஓவியம் ஓய்வில் இருக்கிறது என்றார்.

பட்டுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் மிக அரிய ஓவியங்களைச் சில வாரம் வெளியே தொங்கவிட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் இருட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்தின் இணையதளத்தை ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 1933இலிருந்து கப்பல்வரை எல்லாம் படித்தவன், இன்றைக்கு அது சுவரில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. மலைக்கு லீவு.

சும்மா திரும்பக் கூடாதே என்று, எங்கே கூட்டம் அதிகமோ அந்த வரிசையில் போய் நின்றேன். வரிசை முடிந்த இடத்தில், ஜேட் என்னும் பச்சைக் கல்லில் செதுக்கிய ஒரு சீன முட்டைக்கோஸ். இலை நுனியில் வெட்டுக்கிளி. அடுத்த வரிசையின் முடிவில், தோலும் கொழுப்பும் வேகவைத்த பன்றி இறைச்சிபோலவே தோன்றும் ஒரு கல். மலை பார்க்கப் போனவன் காய்கறியும் கறியும் பார்த்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த வாரமே நண்பர் போனில், "எப்படி இருந்தது அந்த மலை?" என்று கேட்டபோது, "பிரம்மாண்டம் சார், இரண்டு மீட்டருக்கு மேல" என்று பதில் சொன்னேன். அளவு சரிதானே.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில் மலை வேலைக்குத் திரும்பியது. இந்தத் தடவை தேதியை நாலு பேரிடம் உறுதி செய்துகொண்டு போனேன். மங்கலான வெளிச்சம், மௌனமான கூட்டம், கண்ணாடிக்குப் பின்னால் அது. என் மனசில் முதலில் தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: இதைத் துடைக்க மாட்டார்களா? ஆயிரம் வருஷப் பட்டு தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. மையும் பட்டும் ஒரே பழுப்பில் கலந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒன்றுமே தெரியவில்லை. பழகியதும் மலை தெரிந்தது. ஓவியத்தின் மேல் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொண்டு, தலைமேல் புதர்க்காட்டோடு, நேர் எதிரே ஒரே பாறையாக நிற்கிறது. வலப்பக்க இடுக்கில் நூலாக இறங்குகிற அருவி. மலையின் காலடி தெரியாதபடி ஒரு பட்டை மூடுபனி. பனிக்கு இந்தப் பக்கம் மரங்கள், பாறைகள், ஓடை, ஒரு பாதை.

உடனே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். மலை நேர்ப்பார்வையில் இருக்கிறது. முன்னால் இருக்கும் பாறையை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார். எந்தக் கேமராவிலும் இப்படி விழாது. அங்கே வழிகாட்டும் தன்னார்வலரான ஒரு வயதான அம்மையாரிடம், என் அரைகுறைச் சீனத்தில், பெருந்தன்மையோடு இதை எடுத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது. "நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். "இங்கேதான்." "அவர் ஒரே இடத்தில் நிற்கவில்லை."

ஃபான் குவானுக்குப் பின்னால் வந்த குவோ ஷீ என்ற ஓவியர் இதையெல்லாம் பேசிவைத்திருக்கிறார். அவருடைய மகன் தொகுத்த நூலில் இருக்கிறது. மலையைப் பார்க்க மூன்று தூரங்கள்: அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது ஒன்று, முன்மலை வழியாகப் பின்மலையை எட்டிப் பார்ப்பது ஒன்று, பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலைகளைச் சமமாகப் பார்ப்பது ஒன்று. குவோ ஷீயே 1072இல் வரைந்த 'வசந்தத் தொடக்கம்' ஓவியத்தில் இவை மூன்றும் ஒரே பட்டில் உண்டு. ஆக, நான் கண்டுபிடித்த கோளாறு ஒன்பது நூற்றாண்டாகப் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

விழுந்தவன் சும்மா இருந்திருக்கலாம். தமிழனுக்கு மலை என்றால் சும்மா இருக்க முடியுமா? அம்மையாரிடம் குறிஞ்சித் திணையை எடுத்துவிட்டேன். எங்கள் மொழியில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே மலை என்றால் ஒரு மனநிலை, நிலத்தை வரைந்தால் நெஞ்சை வரைந்த மாதிரி, உங்கள் ஃபான் குவான் எங்கள் கபிலருக்கு ஒருவகையில் தம்பி என்கிற அளவுக்குப் போய்விட்டேன். அவர் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "குறிஞ்சியில் மனிதர்கள் என்ன செய்வார்கள்?" என்றார். "காதலர்கள் ரகசியமாகச் சந்திப்பார்கள்" என்றேன். "இந்தப் படத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்?"

மனிதர்களா? நான் யாரையும் பார்க்கவில்லை.

அவர் விரலைக் கண்ணாடியில் படாமல் கீழே காட்டினார். வலப்பக்கத்து மரங்களிலிருந்து பாதையில் வெளிப்பட்டுப் போகின்றன, சுமையேற்றிய நாலு கோவேறு கழுதைகள். முன்னே ஒருவன், பின்னே ஒருவன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுகூட இல்லை. ஓவியத்தின் பெயரிலேயே இருக்கிற வழிப்போக்கர்கள். பெயரை மனப்பாடம் செய்திருந்தேன், ஆட்களைக் காணவில்லை. களவொழுக்கம் எதுவும் இல்லை, சரக்கு போய்க்கொண்டிருக்கிறது.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, அவர் ஒரு கதை சொன்னார். இந்த ஓவியத்தில் ஃபான் குவானின் கையெழுத்து இருப்பது ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் பதிவாகவில்லை. 1958இல் லீ லின்ட்சான் என்ற அறிஞர், கழுதைகளுக்குப் பின்னால், இலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்த இரண்டு எழுத்துகளைக் கண்டுபிடித்தார். இதைச் சொன்னது ஆறுதலுக்காக. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்க ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? வலது கீழ்மூலையில் மூக்கை வைத்து இலை இலையாக ஆராய்ந்தேன். பின்னால் இருந்தவர்கள் இருமினார்கள். காவலர் வந்து கொஞ்சம் நகரச் சொன்னார். நகர்ந்து, மறுபடி வரிசையில் வந்து, மறுபடி அதே மூலை. கையெழுத்து கிடைக்கவில்லை. ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது, இரண்டாம் தடவை வரிசையில் வந்தபோது மலையை நான் பார்க்கவே இல்லை.

அதே நாளில் பக்கத்துக் கூடத்தில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். யுவான் காலத்து நீ சான் பாணி ஓவியம் ஒன்று: முன்கரையில் மெலிந்த நாலைந்து மரம், ஆளில்லாத ஒரு குடில், நடுவே வெறுமையாக விட்டுவிட்ட நீர், அக்கரையில் தாழ்ந்த குன்று. அவ்வளவுதான். மீதி அடுத்த கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் என்று நினைத்துத் தேடிக்கொண்டு போனேன்.

பார்க்கத் தெரியாதவன் வரைந்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சீன மை கட்டியாக வரும். கரியும் பசையும் சேர்ந்த குச்சி. கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் பாட்டில் மை கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று ஒன்று வாங்கிப்போனேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார், மூடி என் பையிலேயே வைத்தார்.

பாறைக்குக் கோடு போட்டால் போதாது, அதன் மேனியைக் காட்டத் தனித்தனித் தீற்றல்கள் உண்டு. ஃபான் குவானின் மலையில் மழைத்துளிபோலக் குத்துக் குத்தாக ஆயிரக்கணக்கில். 1124இல் லீ தாங் வரைந்த மலையில் தூரிகையைச் சாய்த்து இழுத்த கோடரி வெட்டு. மென்மையான மண்மலைகளுக்குச் சணல்நார் பிரித்துப் போட்டதுபோல நீண்ட கோடுகள். கேட்க எளிது. வகுப்புத் தாளோ மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்தது; மையைப் பார்த்த மாத்திரத்தில் குடித்துவிடும். அழித்து எழுதும் பேச்சே கிடையாது. என் மழைத்துளிகள் ஒன்றோடொன்று கைகோத்து, பாறை ஊறிப்போன அப்பளம் மாதிரி ஆனது. கோடரி வெட்டு மட்டும் பெயருக்கேற்ப அமைந்தது, தாள் கிழிந்துவிட்டது.

இரண்டு மாதம் தள்ளி, ஒரு முழு மலை. உச்சியில் ஒரு வீடு, பக்கத்தில் அருவி. எனக்கே பிடித்திருந்தது. ஆசிரியர் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இந்த அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

அருவிக்கு மேலே மலையே இல்லை. நேராக ஆகாயத்திலிருந்து கொட்டியது.

"இந்த வீட்டுக்காரர் எப்படி வீட்டுக்குப் போவார்?"

பாதையும் இல்லை.

கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை, இலக்கணம். நடந்து போகத் தக்க மலை, பார்க்கத் தக்க மலை, உலாவத் தக்க மலை, குடியிருக்கத் தக்க மலை என்று குவோ ஷீ பிரித்து, பின் இரண்டும்தான் உயர்ந்தவை என்கிறார். உலாவ வேண்டுமென்றால் பாதை வேண்டும். வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, எல்லாவற்றிலும் பாதை இருக்கிறது. பாறைக்குப் பின்னால் போய் மறைகிறது, கொஞ்சம் மேலே ஒரு பாலத்தில் வெளிப்படுகிறது, மறுபடி மரங்களுக்குள் போய் ஒரு கோயில் கூரை பக்கத்தில் தலைகாட்டுகிறது. இடையில் மறைந்த தூரத்தை நாம்தான் நடக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. அந்தக் கர்வத்தோடு ஒரு கைச்சுருள் அச்சுப்பிரதி வாங்கினேன்.

ஹுவாங் கொங்வாங்கின் 'ஃபூச்சுன் மலை வாசம்'. மூலத்தில் தைபேயில் இருக்கும் பகுதி மட்டும் ஆறு மீட்டரும் 37 சென்டிமீட்டரும் நீளம், உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. முழு அளவு வாங்கினால்தான் மரியாதை என்று முழு அளவே வாங்கினேன். எங்கள் வீட்டுக் கூடம் அந்த நீளத்துக்குக் கட்டப்பட்டதல்ல. தரையில் விரித்துக்கொண்டே போக, ஃபூச்சுன் ஆறு சோபாவைச் சுற்றி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்து, சமையலறை வாசலில் நின்றது.

"ஏங்க, இது எங்கதான் முடியுது?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"அடுப்பைக் கொஞ்சம் அணைச்சுடு. ஏற்கெனவே ஒருதடவை எரிஞ்சது இது."

எரிந்தது உண்மை. 1650இல் இதை வைத்திருந்த வூ ஹொங்யூ, சாகும் தறுவாயில், இதைப் பிரிய மனமில்லாமல் தன்னோடு எரிக்கச் சொன்னார். நெருப்பிலும் போட்டார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் வேறொரு சுருளை உள்ளே எறிந்துவிட்டு இதை வெளியே இழுத்தான் என்பது வழிவழியாக வரும் கதை. சுருள் இரண்டாகிவிட்டது. சின்னத் துண்டு இன்று ஹாங்ச்சோவில், பெரிய துண்டு தைபேயில். 2011இல் சின்னது விமானமேறி வந்து, தைபேயில் இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்தார்கள்.

பெரிய துண்டின் தொடக்கத்தில் நெருப்பின் வடுக்கள் உண்டு. சுருட்டியபடியே எரிந்ததால் ஒரே ஓட்டை சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, பின்னால் ஒட்டுப்போட்டு நிரப்பப்பட்டிருக்கிறது. என் துறையில் இது பாலபாடம்: ஒரே கோளாறு சம இடைவெளியில் வந்தால் காரணம் ஒன்றுதான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சீன ஓவியத்தில் எனக்குச் சட்டென்று ஏதோ புரிந்தது, அதுவும் ஓவியர் வரையாத ஒன்று.

சொல்ல மறந்தேன், நான் விரித்தது இடமிருந்து வலமாக. கைச்சுருளை வலப்புறத்திலிருந்து பிரிக்க வேண்டும். இடக்கையால் பிரித்து வலக்கையால் சுருட்டிக்கொண்டே, ஒரு கைநீளம் மட்டும் கண்முன் இருக்கும்படி. தரையில் பந்தி விரிப்பதுபோல விரிப்பதற்கல்ல. இடக்கோடியில் எழுத்து இருந்ததால் அதை முன்னுரை என்று நினைத்துக்கொண்டேன். அது முடிவுரை. 1350இல், எண்பது வயது கடந்த ஹுவாங் எழுதியது: மூன்று நாலு வருஷமாக வரைகிறேன், இன்னும் முடியவில்லை, இப்போது மூட்டையில் எடுத்துவைத்திருக்கிறேன், யாராவது தந்திரமாகப் பறித்துவிடுவார்களோ என்று நண்பர் வூயொங் பயப்படுவதால் இது அவருக்கென்று முன்கூட்டியே எழுதிவைக்கிறேன் என்பது அதன் சாரம். ஆக, முடிவுரையில் தொடங்கி, தனியாக நிற்கும் கடைசிக் குன்றைத் தாண்டி, ஆற்றோடு எதிர்நீச்சல் போட்டு, சமையலறை வாசலில் நெருப்புப் பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

இந்த ஓவியத்தின் விஷயத்தில் என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் கோட்டைவிட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய பலம். சியென்லுங் பேரரசர். 1745இல் அவருக்கு ஒரு ஃபூச்சுன் சுருள் கிடைத்தது. பிரமித்துப்போனார். போகிற ஊருக்கெல்லாம் கொண்டுபோய், பார்க்கும்போதெல்லாம் அதிலேயே ஒரு குறிப்பு எழுதினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள். ஆகாயம், நீர், மலைச்சரிவு என்று காலி இடம் கண்ட இடமெல்லாம் எழுத்தும் சிவப்பு முத்திரையும். அது பிற்காலத்தவர் செய்த நகல். மறுவருஷம் அசலே வந்து சேர்ந்தது. பேரரசர் பார்த்தார், ஒப்பிட்டார், இதுதான் போலி என்று தீர்ப்புச் சொன்னார். போலியானாலும் நன்றாக இருக்கிறதே என்று வாங்கிவைத்தார், போலி என்று ஓர் அதிகாரியை விட்டு அதிலேயே எழுதவும் வைத்தார். அதோடு சரி. அவர் கைபடாததால் அசல் சுத்தமாகத் தப்பித்தது. நகல் இன்றும் தைபேயில், எழுத முழ இடம் மிச்சமில்லாமல் இருக்கிறது.

அறிஞர்கள் அவரை முத்திரை குத்தும் வியாதிக்காரர் என்று திட்டுவார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. நல்ல படத்தின் முன்னால் நின்றால் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற அரிப்பு எனக்கும் உண்டு. கபிலரையே இழுத்தவன் நான். சியென்லுங்கிடம் பேரரசு இருந்தது, என்னிடம் ஒரு தன்னார்வல அம்மையார்தான் அகப்பட்டார்.

5ஆம் நூற்றாண்டில் சோங் பிங் என்று ஒருவர் இருந்தார். வயதாகி மலையேற முடியாமல் போனபோது, போய்வந்த மலைகளையெல்லாம் அறையில் வரைந்து வைத்துக்கொண்டு, படுத்தபடியே அவற்றில் உலாவினாராம். படித்ததும் இதுதான் நமக்குத் தோதான வழி என்று தோன்றியது. ஃபான் குவானின் அச்சுப்பிரதி ஒன்றை, சிறிய அளவில், சோபாவுக்கு எதிரே மாட்டினேன். ஞாயிறு மத்தியானம் படுத்து, கழுதைகளோடு பாதையில் புறப்பட்டேன். ஓடையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். மாலை காப்பிக்கு மனைவி எழுப்பினாள்.

ஆனால் அந்தப் பிரதியில்தான், டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக, ஒருநாள் கையெழுத்தைப் பிடித்தேன். கடைசிக் கழுதைக்குப் பின்னால் இலைகளுக்குள் இரண்டு எழுத்து. வீடே அதிரக் கத்தினேன். அடுத்த வாரம் விருந்தாளிகள் வந்தார்கள், மறுபடி தேடினால் காணவில்லை. அவர்கள் முன்னால் அவமானம். அவர்கள் போனதும் திரும்பக் கண்டுபிடித்து, இனித் தொலையக் கூடாது என்று அந்த இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு அம்புக்குறி போட்டேன்.

மனைவி வந்து பார்த்தாள். சியென்லுங் கதை அவளுக்கு என்னிடம் கேட்டே மனப்பாடம். "ஆரம்பிச்சாச்சா?" என்றாள். "பக்கத்துல தேதியும் போட்டுடுங்க."

ரோஷம் வந்து ரப்பரால் அழித்தேன். அம்புக்குறியோடு அச்சு மையும் கொஞ்சம் போய்விட்டது. கழுதைகளுக்குப் பின்னால், ஃபான் குவான் வரையாத ஒரு மூடுபனி இப்போது இருக்கிறது. வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள். நானும் தலையாட்டி வைக்கிறேன்.